ஒரு சென்ட் வரி, ஐந்து கவுண்டிகள்: அட்லாண்டாவில் பொதுப் போக்குவரத்துக்குப் பணம் மறுக்கப்பட்ட வரலாறு

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரை ஒட்டியுள்ள குவின்னெட், காப் என்னும் இரு புறநகர்க் கவுண்டிகளின் வாக்காளர்கள் ஒரே நாளில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு முடிவுகளைத் தந்தனர். அதிபர் தேர்தலில் இரு கவுண்டிகளிலும் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் தெளிவான பெரும்பான்மை பெற்றார். அதே வாக்குச்சாவடியில், பேருந்துச் சேவையை விரிவாக்குவதற்காக 30 ஆண்டுகளுக்கு ஒரு சதவீத, அதாவது ஒரு டாலருக்கு ஒரு சென்ட், விற்பனை வரி விதிக்கலாமா என்று கேட்கப்பட்டபோது, காப் கவுண்டியில் ஏறத்தாழ 62 சதவீதத்தினரும் குவின்னெட்டில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரும் வேண்டாம் என்று வாக்களித்தனர்.

அட்லாண்டாவின் பொதுப் போக்குவரத்துக்கு எதிரான அரசியலை இனவெறி, குடியரசுக் கட்சி ஆகிய இரண்டு காரணங்களைக் கொண்டு விளக்கிவிடுவது நெடுநாள் வழக்கம். இரண்டுக்கும் போதிய ஆதாரம் உண்டு. ஆகவே புறநகர்களில் வெள்ளையர் பெரும்பான்மை குறைந்து, குடியரசுக் கட்சியின் பிடி தளர்ந்தால், போக்குவரத்து வரியும் தானாக நிறைவேறிவிடும் என்று பலரும் எதிர்பார்த்திருந்தனர். மக்கள்தொகை மாறியது, கட்சியும் மாறியது, வரி மட்டும் நிறைவேறவில்லை. இந்த எதிர்ப்பைத் தொடங்கி வைத்தது இனப்பகைதான் என்றாலும், அதை இன்றுவரை தாங்கி நிற்பவை 1960களிலும் 1970களிலும் எழுதப்பட்ட நிதி விதிகளும், அவ்விதிகளின் நெருக்கடியால் காப்பாற்ற முடியாமல்போன வாக்குறுதிகளுமே என்பது இக்கட்டுரையின் வாதம். ஜார்ஜியாவில் சாலைக்கு வேண்டிய பணம் ஆண்டுதோறும் தானாக வந்து சேர்கிறது. பேருந்துக்கும் ரயிலுக்கும் வேண்டிய பணத்தை ஒவ்வொரு கவுண்டியின் வாசலிலும் தனித்தனியே நின்று கேட்க வேண்டியிருக்கிறது.

கவுண்டி என்பதைப் பரப்பளவில் சிறிய மாவட்டம் என்று கொள்ளலாம். ஆனால் நம் மாவட்டங்களுக்கு இல்லாத அதிகாரம் அதற்கு உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர்கள் அதை ஆள்கின்றனர், சொத்து வரி விதிக்கின்றனர், மாநிலச் சட்டம் இடம் தந்தால் வாக்கெடுப்பு நடத்தி விற்பனை வரியும் விதிக்கின்றனர். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு யார் எவ்வளவு தருவது என்று மாநில அரசும் ஒன்றிய அரசும் ஆண்டுக்கணக்கில் இழுபறி நடத்தின. 2024 அக்டோபரில்தான் ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது. அந்த இழுபறி எத்தனை கசப்பானதாக இருந்தாலும், தாம்பரத்துக்காரர்களையும் ஆவடிக்காரர்களையும் தனித்தனியே கூப்பிட்டு, உங்கள் ஊருக்கு ரயில் வேண்டுமா, அதற்குக் கூடுதல் வரி தருவீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அட்லாண்டாவில் கேட்கப்பட்டது அந்தக் கேள்விதான், அதுவும் திரும்பத் திரும்ப.

தொடக்கத்திலேயே சுருங்கிய எல்லை

அட்லாண்டா பெருநகர விரைவுப் போக்குவரத்து ஆணையம், சுருக்கமாக மார்ட்டா, 1965இல் ஜார்ஜியா சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவாயிற்று. அட்லாண்டா நகரின் பெரும்பகுதி அடங்கிய ஃபுல்டன், அதைச் சுற்றியுள்ள டிகேப், கிளேட்டன், குவின்னெட், காப் ஆகிய ஐந்து கவுண்டிகளையும் இணைக்கும் ஒரே அமைப்பாக அது திட்டமிடப்பட்டது. அந்த ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் காப் கவுண்டி முதலிலேயே விலகிக்கொண்டது. மற்ற நான்கும் ஆணையத்தில் சேர ஒப்புக்கொண்டன. ஆனால் அப்போது கேட்கப்பட்டது சேர்வதற்கான ஒப்புதல் மட்டுமே, பணம் அல்ல.

பணம் கேட்ட முதல் வாக்கெடுப்பு 1968இல் நடந்து தோற்றது. சொத்து வரியை அடிப்படையாகக் கொண்ட அத்திட்டத்தை வெள்ளைப் புறநகர்கள் மட்டும் தோற்கடிக்கவில்லை, நகரத்துக் கறுப்பின வாக்காளர்களும் சேர்ந்தே தோற்கடித்தனர் என்பதை இந்த வரலாற்றைச் சொல்லும் பலர் விட்டுவிடுகின்றனர். திட்டம் வகுத்தபோது தங்களைக் கலந்துகொள்ளவில்லை, தங்கள் குடியிருப்புகளுக்கு உரிய தடங்கள் இல்லை, நகரத்து வணிகப் பிரமுகர்களுக்கும் புறநகர்வாசிகளுக்கும் வேண்டிய ரயிலுக்குத் தாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்பன அவர்களுடைய கேள்விகள்.

இதே காலத்தில்தான் நகரத்தின் முகம் மாறிக்கொண்டிருந்தது. 1962 டிசம்பரில், கறுப்பினத்தவர் வீடு வாங்கிக் குடியேறுவதைத் தடுக்க, பேட்டன் சாலையின் குறுக்கே நகர நிர்வாகமே மரத்தாலும் இரும்பாலும் தடுப்பு எழுப்பியது. சில மாதங்களில் நீதிமன்றம் அது செல்லாது என்றது. தடுப்பு போனபின் வெள்ளையர் வெளியேறினர். 1960இல் நகர மக்களில் 38 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் 1970இல் 51 சதவீதமாயினர். வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் சென்று சேர்ந்த இடங்கள் காப், குவின்னெட், கிளேட்டன், டிகேப் கவுண்டிகளின் புதிய மனைப்பிரிவுகள். தாங்கள் விட்டு வந்த நகரத்தோடு தங்களை மீண்டும் பிணைக்கும் ரயிலுக்கு இவர்கள் வரி கட்டுவார்கள் என்று எதிர்பார்த்தது எந்தக் கணக்கு என்று இப்போது நினைத்தாலும் விளங்கவில்லை.

1971 நவம்பரில் இரண்டாம் முறை வாக்கெடுப்பு நடந்தது. மேயர் சாம் மாசெல் முந்தைய தோல்வியிலிருந்து சரியான பாடம் கற்றிருந்தார். சொத்து வரிக்குப் பதிலாக விற்பனை வரியைக் கேட்டார். விற்பனை வரி ஏழைகளையே அதிகம் அழுத்தும் என்ற கறுப்பினத் தலைவர்களின் எதிர்ப்புக்கு ஈடாக, 40 சென்டாக இருந்த பேருந்துக் கட்டணம் 15 சென்டாகக் குறைக்கப்பட்டு ஏழு ஆண்டுகளுக்கு அப்படியே வைக்கப்படும் என்று உறுதியளித்தார். மேற்குப் பகுதியில் பெரி ஹோம்ஸ் என்னும் பொதுக் குடியிருப்புக்கு ஒரு கிளை ரயில்தடம் அமைக்கப்படும் என்ற வாக்குறுதியும் சேர்ந்தது. பிரசாரத்தில் அவர் செய்யாதது எதுவுமில்லை. பேருந்துகளில் ஏறிப் பயணிகளிடம் துண்டறிக்கை கொடுத்தார். மாலை நெரிசலில் நெடுஞ்சாலைக்கு மேலே ஹெலிகாப்டரில் மிதந்தபடி, இந்தச் சிக்கலிலிருந்து விடுபட வேண்டுமானால் ஆதரித்து வாக்களியுங்கள் என்று கீழே நகராமல் நின்ற கார்க்காரர்களை ஒலிபெருக்கியில் கூவி அழைத்தார்.

ஃபுல்டனில் ஐந்நூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் வரி நிறைவேறியது. டிகேப் கவுண்டியும் குறுகிய வித்தியாசத்தில் ஏற்றது. கிளேட்டனிலும் குவின்னெட்டிலும் வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் மறுத்துவிட்டனர். ஐந்து கவுண்டிகளுக்காக வரையப்பட்ட வலைப்பின்னல் இரண்டு கவுண்டிகளுக்குள் அடங்கிற்று.

பணத்தைக் கட்டிப்போட்ட விதிகள்

வாக்கெடுப்பு முடிவுகளைவிட நீண்ட காலம் நிலைத்தவை, அவ்வாக்கெடுப்புக்கு அனுமதி பெறச் சட்டமன்றத்தில் நடந்த பேரங்கள். மார்ட்டாவின் செலவில் 10 சதவீதம் வரை மாநில அரசு ஏற்கலாம் என்று ஜார்ஜியாவின் அரசமைப்புச் சட்டம் அப்போது இடம் தந்திருந்தது. மாசெல் பல ஆண்டுகளுக்குப் பின் தந்த விவரத்தின்படி, அந்தப் பங்கைக் கேட்காமல் விட்டுவிடுவதற்கு ஈடாகத்தான் முழு ஒரு சென்ட் விற்பனை வரிக்கு, ஆளுநர் ஜிம்மி கார்ட்டர் வழியாக, இசைவு கிடைத்தது. அன்றைய நெருக்கடியில் அது புத்திசாலித்தனமான பேரமாகத் தோன்றியிருக்கும். விளைவாக, நாட்டின் பெரிய போக்குவரத்து அமைப்புகளுள் மாநில அரசின் தொடர்ச்சியான உதவி ஏறக்குறைய இல்லாமலே ஓடும் அமைப்பு என்ற பெயர் மார்ட்டாவுக்கு நிலைத்துவிட்டது.

இரண்டாவது நிபந்தனை துணை ஆளுநர் லெஸ்டர் மேடாக்ஸிடமிருந்து வந்ததாக மாசெல் கூறியுள்ளார். தன் உணவகத்தில் கறுப்பினத்தவரை நுழையவிடாமல் விரட்டியடித்துப் பெயர் பெற்று, அந்தப் பெயரைக் கொண்டே முன்பு ஆளுநராகவும் ஆனவர் மேடாக்ஸ். விற்பனை வரி வருவாயில் பாதிக்கு மேல் இயக்கச் செலவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த நிபந்தனை. மீதிப் பாதி கட்டுமானத்துக்கும் வண்டிகள் வாங்கவும் மட்டுமே. கேட்பதற்கு நிதி ஒழுங்கு போலத் தோன்றும் இவ்விதியின் வேலையை வண்டி ஓடும் இடத்தில் பார்க்க வேண்டும். பொருளாதாரம் சரிந்து வரி வருவாய் குறையும் ஆண்டில், ஓட்டுநர் சம்பளத்துக்கும் எரிபொருளுக்கும் பணம் போதாமல் போகும். அதே நேரத்தில் மூலதனக் கணக்கில் இருக்கும் பணத்தைத் தொட முடியாது.

2010இல் அதுவே நடந்தது. பற்றாக்குறை முற்றியபோது மார்ட்டா நிர்வாகம் தன் பேருந்துகளிலும் ரயில் பெட்டிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கின்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறிகளை ஒட்டியது. பணம் வராவிட்டால் காணாமல்போகப் போகும் வண்டிகள் இவை என்று பயணிகளுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் காட்டுவதற்காக. அந்த ஆண்டு செப்டம்பரில் 131 பேருந்துத் தடங்களில் சுமார் 40 நிறுத்தப்பட்டன. பாதிக்குப் பாதி விதி இடைக்காலமாகத் தளர்த்தப்பட்டாலும், 2015இல்தான் சட்டத்திலிருந்து நிரந்தரமாக நீக்கப்பட்டது.

மூன்றாவது முடிச்சு மார்ட்டாவைவிடப் பழையது. ஜார்ஜியாவின் அரசமைப்புச் சட்டப்படி, வாகன எரிபொருள் வரியின் வருவாய் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் மட்டுமே செல்ல வேண்டும். பெட்ரோல் விற்க விற்கச் சாலைக்குப் பணம் சேரும். அதில் ஒரு டாலரைக்கூடப் பேருந்துக்குத் திருப்பிவிட முடியாது. இத்தனைக்கும், மார்ட்டாவின் கணக்கு வழக்கை மேற்பார்வையிடுவதற்கென்று சட்டமன்ற உறுப்பினர்களின் குழு ஒன்று இருந்தது. அதில் அட்லாண்டாவுக்கு வெகுதொலைவிலுள்ள தொகுதிகளின் உறுப்பினர்களும் இடம் பெறலாம். மாமியாருக்குச் சமையலில் பங்கு இல்லை, உப்புப் பார்ப்பதில் மட்டும் உரிமை உண்டு என்பது போன்ற ஏற்பாடு அது.

பெரி ஹோம்ஸும் கிளேட்டனும்

முதல் ரயில் 1979 ஜூன் 30 அன்று ஓடியது. 1988இல் தடம் விமான நிலையத்தை எட்டியது. 2000 டிசம்பரில் வடக்கே சாண்டி ஸ்பிரிங்ஸ், நார்த் ஸ்பிரிங்ஸ் நிலையங்கள் திறக்கப்பட்டதோடு ரயில் விரிவாக்கம் நின்றது. 38 நிலையங்கள், ஏறத்தாழ 77 கிலோமீட்டர். இன்றும் அதே நிலை. அதே நேரத்தில் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1970இல் 72 ஆயிரம் பேர் வாழ்ந்த குவின்னெட்டில் மட்டும் 2020இல் 9 லட்சத்து 57 ஆயிரம் பேர் இருந்தனர்.

பெரி ஹோம்ஸ் கிளைத்தடம் என்னவாயிற்று? 1992இல் அது பேங்க்ஹெட் என்னும் நிலையம் வரை வந்து நின்றுவிட்டது. அந்நிலையத்தின் நடைமேடை இரண்டு பெட்டிகள் மட்டுமே நிற்கும் நீளத்தில் கட்டப்பட்டது. மற்ற நிலையங்களில் எட்டுப் பெட்டிகள் நிற்கலாம். பெரி ஹோம்ஸ் குடியிருப்பு 1999இல் இடிக்கப்பட்டது, ரயில் போய்ச் சேரவே இல்லை. 1971இல் ஐந்நூறுக்கும் குறைவான வாக்கில் வென்ற வரிக்கு அந்த மேற்குப் பகுதிக் கறுப்பின வாக்காளர்களின் ஆதரவு எவ்வளவு இன்றியமையாதது என்பதையும், அந்த வரியை அவர்கள் அன்றுமுதல் ஒவ்வொரு மளிகைச் சீட்டிலும் கட்டி வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், பின்னாளில் அங்கே எழுந்த அவநம்பிக்கைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கிளேட்டனின் கதை இன்னும் திருப்பங்கள் கொண்டது. அட்லாண்டா விமான நிலையத்தின் பெரும்பகுதி அமைந்திருப்பது கிளேட்டன் கவுண்டியில்தான். மார்ட்டா ரயிலின் விமான நிலைய நிறுத்தமும் அங்கேதான். ஆயினும் வரி தர மறுத்த கவுண்டி என்பதால் அந்த ரயில் கிளேட்டனின் ஊர்களுக்குள் ஒரு அடி கூட நகரவில்லை. 2001இல் கவுண்டி சொந்தமாகப் பேருந்துகளைத் தொடங்கி, நிதி நெருக்கடியில் 2010 மார்ச் 31 அன்று ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டது. அதற்குள் கிளேட்டன் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும், வருமானம் குறைந்த பகுதியாக மாறியிருந்தது. விமான நிலையத்திலும் கிடங்குகளிலும் முறை வைத்து வேலை செய்தவர்கள், காரில்லாதவர்கள், ஐந்து ஆண்டுகள் ஒரு பேருந்துகூட இல்லாமல் காலம் தள்ளினர். 2014 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் ஆதரவோடு கிளேட்டன் மார்ட்டாவில் சேர்ந்தது. 1971க்குப் பின் அந்த ஆணையத்தில் புதிதாக ஒரு கவுண்டி சேர்ந்தது அதுவே முதல் முறை. பேருந்து இல்லாமல் வாழ்ந்து பார்த்த கவுண்டி மட்டுமே பேருந்துக்குப் பணம் தர முன்வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வரியில் பாதி, உயர்திறன் போக்குவரத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. பயணிகள் ரயில் வரும் என்ற எதிர்பார்ப்பை வைத்தே பிரசாரம் நடந்தது. சரக்கு ரயில் நிறுவனத்தின் தடத்தை ஒட்டி ரயில் அமைப்பதில் சிக்கல்கள் பெருகி, 2023இல் மார்ட்டா அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, தனித்தட விரைவுப் பேருந்தை முன்வைத்தது. பொறியியல் நோக்கில் அது நியாயமான முடிவாக இருக்கலாம். அடுத்த கவுண்டியில் வாக்குக் கேட்டுப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்பதை நிர்வாகம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2012, 2015: கேட்ட வரியும் கேட்காத வரியும்

கவுண்டி கவுண்டியாகக் கேட்பதன் தீமையை உணர்ந்து, 2010இல் மாநிலச் சட்டமன்றம் வட்டார அளவிலான வாக்கெடுப்புக்கு வழி செய்தது. அட்லாண்டா வட்டாரத்தின் பத்துக் கவுண்டிகளும் சேர்ந்து, பத்தாண்டுகளுக்கு ஒரு சதவீத விற்பனை வரி. கிடைக்கும் 720 கோடி டாலரில் வட்டாரத் திட்டங்களுக்கான பகுதியைக் கொண்டு 157 பணிகள், அதில் பாதிக்குச் சற்று மேல் பொதுப் போக்குவரத்துக்கு. மேயர், ஆளுநர், வணிகக் கழகம், இரு கட்சிகளின் முன்னணியினர் என எல்லோரும் ஆதரித்தனர். 2012 ஜூலை 31 அன்று சுமார் 63 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்து அதைத் தோற்கடித்தனர்.

எதிரணியில் நின்றவர்களைப் பார்த்தால் இந்தத் தோல்வியின் தன்மை விளங்கும். வரி எதிர்ப்பாளர்களான டீ பார்ட்டி அமைப்பினர், சாலைப் பணிகள் அதிகம் என்று குறைகண்ட சியரா கிளப் என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு, கறுப்பினத்தவர் உரிமைக்கான தேசியச் சங்கத்தின் டிகேப் கிளை ஆகிய மூன்றும் ஒரே பக்கம் நின்றன. டிகேப்காரர்களின் வாதம் எளிமையானது. நாற்பது ஆண்டுகளாக ஒரு சென்ட் கட்டி வருகிறோம். இப்போது இரண்டாவது சென்ட் கேட்கிறீர்கள். இத்தனை காலமும் ஒன்றும் தராத கவுண்டிகள் எங்களோடு சமமாகப் பங்கு பெறும். தெற்கு டிகேப்புக்குக் கேட்ட ரயிலோ இந்தப் பட்டியலிலும் இல்லை. இதை மறுத்துப் பேச ஆதரவாளர்களிடம் உருப்படியான பதில் இருக்கவில்லை.

நெரிசல் மட்டும் யாருடைய வாக்குக்கும் காத்திருக்கவில்லை. 2014 ஜனவரி 28 அன்று இரண்டு அங்குலப் பனி பெய்ததற்கு, நண்பகலில் எல்லா அலுவலகங்களும் பள்ளிகளும் ஒரே நேரத்தில் விட, ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் கார்களுக்குள்ளேயே இரவைக் கழித்தனர். பள்ளிக்கூடங்களிலேயே பிள்ளைகள் தூங்கினர். ரயில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மாட்டிக்கொண்டவர்களின் ஊர்களுக்கு அது போகவில்லை.

அடுத்த ஆண்டு, அதாவது 2015இல், குடியரசுக் கட்சி பெரும்பான்மை கொண்ட அதே சட்டமன்றம் எரிபொருள் வரியை மாற்றியமைத்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 90 கோடி டாலர் கூடுதல் வருவாய்க்கு வழி செய்தது. அந்தப் பணம் முறைப்படி சாலைகளுக்கும் பாலங்களுக்கும் போயிற்று. மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை; சட்டமன்ற உறுப்பினர்கள் கை உயர்த்தினர், ஆளுநர் கையெழுத்திட்டார். வரி என்றாலே இந்த மாநிலத்தவருக்கு ஆகாது என்று சொல்பவர்கள் 2012ஐயும் 2015ஐயும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். நியாயமாகச் சொல்வதானால், அந்தச் சமயத்தில் பொதுப் போக்குவரத்துக்கும் கடன் பத்திரம் வழியாக 7.5 கோடி டாலர் ஒருமுறை உதவி தரப்பட்டது. 2018இல் வடக்கு ஃபுல்டன் விரைவுப் பேருந்துக்காக மேலும் 10 கோடி வந்தது. இரண்டும் ஆண்டுதோறும் வரும் பணமல்ல.

காப் கவுண்டி இதே காலத்தில் தந்த எடுத்துக்காட்டு இன்னும் துலக்கமானது. 2013 நவம்பரில், அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி நகரத்தை விட்டுக் காப் கவுண்டிக்கு வருகிறது என்ற அறிவிப்பு வெளியான இரண்டே வாரங்களில், புதிய விளையாட்டரங்கத்துக்கு 30 கோடி டாலர் அளவுக்குப் பொதுப்பணம் தரக் கவுண்டி ஆணையர்கள் ஒப்புதல் அளித்தனர். வாக்கெடுப்பு கேட்டவர்களின் குரல் எடுபடவில்லை. அரங்கத்துக்கு மக்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்ற கேள்வி எழுந்தபோது, கவுண்டியின் குடியரசுக் கட்சித் தலைவர் வெளியிட்ட அறிக்கையில், தீர்வு கார்களை நகர்த்துவதாகவே இருக்க வேண்டும், அட்லாண்டாவிலிருந்து ரயிலில் ஆட்களைக் காப் கவுண்டிக்குக் கொண்டு வருவதாக இருக்கக் கூடாது என்ற கருத்து வெளிப்படையாகவே இடம் பெற்றது. ஒப்பந்தத்தை முன்னின்று முடித்த ஆணையர் தலைவர் டிம் லீ 2016இல் பதவியை இழந்தார்; அரங்கம் 2017இல் திறக்கப்பட்டது. அட்லாண்டா நகர எல்லைக்குள் மட்டும் 2016இல் கூடுதல் அரை சென்ட் வரி 71 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. வரியின் பயனை ஏற்கெனவே கண்ணால் காண்பவர்கள் அவர்கள்.

குவின்னெட்: நான்கு முறை, ஐந்து முறை

மார்ட்டாவின் வடகிழக்குத் தடம் முடியும் டொராவில் நிலையம் குவின்னெட் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. குவின்னெட் கவுண்டி தன் செலவில் ஓட்டும் பேருந்துகள் அங்கேதான் வந்து பயணிகளை இறக்குகின்றன. எல்லை தாண்டி வருபவர்கள் காரை அங்கே நிறுத்திவிட்டு ரயில் ஏறுகின்றனர். நிலையத்தை ஒட்டிச் செல்லும் பூஃபோர்ட் நெடுஞ்சாலையில் மெக்சிகோ, வியட்நாம், கொரியா எனப் பல நாட்டவரின் கடைகள் நிரம்பியிருக்கின்றன; அச்சாலையில் ஓடும் 39ஆம் எண் பேருந்து மார்ட்டாவின் மிக நெரிசலான தடங்களில் ஒன்று.

1971இலும் 1990இலும் மறுத்த குவின்னெட், 2019 மார்ச் 19 அன்று மீண்டும் வாக்களித்தது. ரயில் தடத்தை டொராவிலிலிருந்து ஜிம்மி கார்ட்டர் பெயரைத் தாங்கிய சாலைக்கு அருகே ஒரு புதிய முனையம் வரை நீட்டுவது, பேருந்துகளைப் பெருக்குவது, அதற்காக 2057 வரை ஒரு சதவீத வரி என்பது திட்டம். ஆணையர் குழுவின் குடியரசுக் கட்சித் தலைவரே ஆதரித்தார். ஆனால் 2018 நவம்பரின் பொதுத்தேர்தலோடு வைத்திருக்க வேண்டிய வாக்கெடுப்பைத் தள்ளி, வேறு தேர்தல் எதுவும் இல்லாத ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமையில் வைத்தனர். பதிவு பெற்ற வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்கூட வரவில்லை. வந்தவர்களில் 54 சதவீதத்தினர் எதிர்த்தனர். பேருந்தை நம்பி வாழ்பவர் தனித் தேர்தலுக்கு வருவது அரிது, சொத்து வைத்திருக்கும் முதியவர் தவறாமல் வருவார் என்பது எந்த நாட்டு அரசியல்வாதிக்கும் தெரிந்த கணக்கு. 2020 நவம்பரில், அதிபர் தேர்தலோடு நடந்தபோது, தோல்வி சுமார் ஆயிரம் வாக்குகளில்தான். அப்போது ஆதரவாளர்கள், அடுத்த முறை நிச்சயம் என்று நம்பியதில் தவறில்லை.

அடுத்த முறையான 2024இல் திட்டம் மேலும் பணிவாகவே வந்தது. மார்ட்டாவில் சேரும் பேச்சு இல்லை, ரயில் இல்லை. விரைவுப் பேருந்துகளும், செயலியில் அழைத்தால் வீட்டருகே வரும் சிறுவண்டிச் சேவையும், 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,700 கோடி டாலரும். நகரத்துக் குற்றங்கள் ரயிலேறி வந்துவிடும் என்ற பழைய பயத்துக்கே இடமில்லாத திட்டம். அது 2020ஐவிட அதிக வித்தியாசத்தில் தோற்றது. எதிர்ப்பைத் தணிக்கத் திட்டத்திலிருந்து ரயிலை எடுத்துவிட்டதால், ரயிலுக்காக மட்டும் ஆதரித்திருக்கக்கூடியவர்களின் ஊக்கமும் போயிற்று என்பது என் கணிப்பு. விலைவாசி உயர்ந்திருந்த ஆண்டில் 30 ஆண்டு வரி என்ற சொற்களே மற்றவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

எதிர்ப்பாளர்களின் வாதங்களில் வலுவானவையும் உண்டு. அட்லாண்டா உலகின் பெருநகரங்களுள் மிகக் குறைந்த மக்கள் அடர்த்தி கொண்டவற்றில் ஒன்று. அகன்ற மனைகளில், முட்டுச்சந்துகளாக முடியும் தெருக்களில் பரவிக் கிடக்கும் குவின்னெட்டில், நிறுத்தத்துக்கு நடந்து போவதே பலருக்கு இயலாது. விற்பனை வரி ஏழைகளை அதிகம் வருத்தும் என்பதும் உண்மை. ஆனால் இந்த அடர்த்தியின்மை இயற்கையாக வந்ததல்ல. ஐம்பது ஆண்டுகளாகச் சாலைக்கு மட்டும் தடையின்றிப் பணம் கொடுத்ததன் பயனாக வளர்ந்தது. விற்பனை வரியைத் தவிர வேறு வழியில் பணம் திரட்டும் கதவுகளை மூடி வைத்ததும் அதே மாநிலச் சட்டம்தான்.

இந்தப் பெருநகரத்தின் வடக்குப் பகுதியில், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் முதலிய ஊர்களில், கணிசமான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. முதல் இரண்டும் ஃபுல்டனைச் சேர்ந்தவை. ஆகவே அங்குள்ளோர் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் மார்ட்டாவின் சென்ட் அடங்கியிருக்கிறது, ரயிலோ அவர்களுக்குத் தெற்கே நார்த் ஸ்பிரிங்ஸிலேயே நின்றுவிடுகிறது. கம்மிங் ஃபோர்சைத் கவுண்டியில் இருக்கிறது. அங்கே வரியும் இல்லை, ரயிலும் இல்லை. வேலைக்கு நகருக்குள் போக வேண்டிய இரு சாராரும் காலையில் ஒரே 400ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் காத்து நிற்கின்றனர்.

உள்ளூர்ப் பங்கு இல்லாமல் ஒன்றிய அரசின் கட்டுமான மானியத்தைப் பெற முடியாது என்பதால், வாக்கெடுப்பில் தோற்ற ஒவ்வொரு டாலரோடும் வாஷிங்டனிலிருந்து வந்திருக்கக்கூடிய பணமும் வேறு நகரங்களுக்குப் போகிறது. 2024இன் தொடக்கத்தில், கருவூலத்தில் உபரி குவிந்திருந்த ஜார்ஜியா அரசு, சாலைப் பணிகளை விரைவுபடுத்த 100 கோடி டாலருக்கு மேல் கூடுதலாக ஒதுக்கியது. தோல்விக்குப் பின்னும் குவின்னெட்டும் காப்பும் தங்கள் சிறிய பேருந்துச் சேவைகளை நடத்தி வருகின்றன. தனி வரி கிடைக்காததால், கவுண்டியின் வழக்கமான வரவு செலவுத் திட்டத்தில் காவல்துறை, தீயணைப்பு, பூங்காக்களோடு போட்டியிட்டு, ஒவ்வொரு ஆண்டும் ஆணையர்கள் ஒதுக்கும் அளவுக்கே அவை ஓடுகின்றன.